மீதி சாரின் பத்து இலக்கம்

ஒரு கடிதம் அலுவலகத்துக்கு எந்த நாளில் வந்து சேர்கிறதோ, அந்த நாளின் தேதி முத்திரையை அன்றைக்கே அதன் நெற்றியில் குத்திவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையில் வைத்திருக்கக் கூடாது. நேற்றைய தேதிக்கு முத்திரையைத் திருகிக் குத்தவும் கூடாது. அரசு வேலையில் சேருகிறவனுக்குத் தபால் பிரிவில் சொல்லித் தருகிற முதல் பாடமே இதுதான். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை இந்த விதியை நான் ஒரே ஒரு முறைதான் மீறினேன். அதற்குக் காரணம் மீதி சார்.

கள்ளக்குறிச்சியில் மீதி சார் வகுத்துப் பார்க்காத எண் என்று ஒன்று கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்க மாட்டார், தேதியைப் பார்ப்பார். எடை பார்க்கும் மெஷினில் சீட்டு விழுந்தால் பின்பக்க ஜோசியத்தை விட்டுவிட்டு எடையை மூன்றால் வகுப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் இறந்தவரின் வயதைக் கேட்டுக்கொண்டு, "எழுவத்தொம்பதா? எதாலயும் போவாது. நல்ல வயசுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர். அந்த வீட்டுக்காரர்கள் அதை ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், ஓய்வுக்குப் பிறகு எனக்கு நிம்மதி முக்கியம். நான் தலைமை எழுத்தர். அவர் தபால் எழுத்தர். வருகிற காகிதத்துக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. பூனையைப் பால் கடைக்குக் காவல் வைத்த மாதிரி என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. அந்தப் பூனை ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. அவர் காலத்தில் எங்கள் பதிவேட்டில் ஒரு எண் விட்டுப்போனதில்லை, ஒரு எண் இரண்டு முறை வந்ததுமில்லை. ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் பென்சிலால் பொடியாக ஏதோ எழுதியிருக்கும், அவ்வளவுதான். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைத் தணிக்கைக் குறி என்று நினைத்து மரியாதையாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. பணிப்பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். மற்றபடி அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஒரு முறை அவசரமாக ஆள் அனுப்பியபோது, அவர் மனைவியே வாசலில் வந்து, "மீதி சார் வூட்ல இல்லீங்க, கடைக்குப் போய்க்கினு கீறாரு" என்றார்களாம்.

அந்தப் பெயருக்குக் காரணம், வகுத்தால் மீதி வர வேண்டும் அவருக்கு. சரியாக வகுபடுகிற எண்ணைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். "மீதி வெச்சாதான் சார் நம்பரு. இல்லாங்காட்டி அது ரெண்டு நம்பரு ஒண்ணாப் படுத்துக்கினு கீது, அவ்ளோதான்" என்பார். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் முதல் நாள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, நாங்கள் எல்லாரும் எலுமிச்சம்பழத்துடன் வரிசையில் நிற்கிறோம். மீதி சார் பழத்தைக் கொடுத்தார், வணக்கம் சொன்னார், பிறகு ஜீப்பின் பக்கம் கையைக் காட்டி, "நாப்பத்தேழு முப்பத்தொண்ணு. பத்தொம்பதால சரியாப் போவுதுங்க ஐயா. பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் வாரம் அந்த ஜீப் உளுந்தூர்பேட்டை முனையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதிலிருந்து அந்த அதிகாரி எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் முன்பும் மீதி சாரை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

பஸ் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. 2310 என்று எண் போட்ட பஸ் வந்தால் ஏற மாட்டார். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, எல்லாத்தாலயும் போவுது சார். எல்லா ஸ்டாப்லயும் நிக்கும்." 4001 வரும்வரை வெயிலில் காத்திருப்பார். எதாலும் வகுபடாத பஸ் எங்கும் நிற்காது என்பது கணக்கு. எங்கள் டபேதார், அதிகாரியின் அறை வாசலில் நிற்கும் சேவகர், கருணாபுரத்துக்காரர், ஒரு மாதம் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சார், மெய்யாவே நிக்கல சார். என் ஸ்டாப்லயும் நிக்கல" என்று புகார் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே படுத்திருக்கும். பஸ் ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் ஓடாது. டீக்கடையிலும் ஆபீஸ் வாசலிலும் ஒரே பேச்சு, நூற்றில் யாருக்கு எத்தனை என்று. ஊர் முழுக்க வகுத்தல் கணக்கில் இறங்கியிருந்தது. மீதி சார் மட்டும் முன்பும் அப்போதும் ஒரே மாதிரி இருந்தார்.

சாதிச் சான்றிதழுக்கு வரிசை அலுவலகத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்து மறுபடி வாசலைத் தொட்டது. வரிசை நீண்டால் குறுக்கு வழியும் முளைக்கும். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து, எங்கள் முத்திரையோடு ஒரு சான்றிதழ் உண்மைத்தன்மை சரிபார்க்க வந்து சேர்ந்தது. தாள் நன்றாக இருந்தது. கையெழுத்து எங்கள் அதிகாரியின் கையெழுத்தைவிட அழகாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். ஆனால் எண்தான் காட்டிக்கொடுத்தது. எங்கள் சான்றிதழ் எண் ஐந்து இலக்கத்தைத் தாண்டியதே இல்லை. இதில் பத்து இலக்கம்:

1234567891.

டபேதார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ள ஒப்பிச்ச மாரி கீது? ஒம்போது வரிக்கும் வந்தவன் பத்தைப் போட மாட்டானா? திரும்ப ஒண்ணுக்கு எதுக்குப் போனான்?"

"சோம்பேறி போலி" என்றேன் நான். "மீதி சாரிடம் கொடு. குறிப்பு எழுதி வைக்கச் சொல்."

ஒரு வரிக் குறிப்புக்கு அவர் அன்று மாலை வரை எடுத்துக்கொண்டார். குறிப்பு வந்தது. படித்தேன். "சான்று போலி. எண் அசல்."

நான் அவரைக் கூப்பிட்டேன். "சார், சான்று போலி, புரிகிறது. எண் அசல் என்றால் என்ன அர்த்தம்?"

"நூறு வரிக்கும் எல்லாத்தாலயும் போட்டுட்டேன் சார். ஒண்ணுத்தாலயும் போவல. ரெண்டால ஒண்ணு மீதி, மூணால ஒண்ணு, அஞ்சால ஒண்ணு, ஏழால நாலு. பதிமூணாலயும் பதினேழாலயும் ஒரே மீதி, பதினொண்ணு." அவர் குரல் தணிந்தது. "அந்த ஆளுக்குத் தெரியாது சார், இன்னா எழுதினோம்னு. இது பகா எண்ணா இருந்தாலும் இருக்கும்."

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தது, எல்லாரும் மறந்தது. மீதி சார் மறக்கவில்லை.

"இருந்தால் இருக்கட்டும்" என்றேன். "குறிப்பில் இரண்டாவது வாக்கியத்தை அடியுங்கள்."

அடித்தார். ஆனால் ஒரே கோடுதான் போட்டார், எழுத்து தெரிகிற மாதிரி.

அடுத்த வாரம் என் மேசைக்கு அவரிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. உரிய வழியில், தலைமை எழுத்தர் மூலமாக, பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு: மேற்படி பத்து இலக்க எண் பகா எண்தானா என்று தெரிவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் திருப்பி அனுப்பினேன். காரணம், கோப்பின் பொருள் தலைப்பு எது என்று அவர் எழுதவில்லை. எழுதி மறுபடி அனுப்பினார். தலைப்பு "எண்கள் (பொது)" என்றிருந்தது. அப்படி ஒரு தலைப்பு எங்கள் பட்டியலில் இல்லை என்று மறுபடியும் திருப்பினேன். மூன்றாம் முறை "எண்கள் (சிறப்பு)" என்று வந்தது. அதையும் திருப்பிவிட்டு, கோப்பை ஓ.மு. என்று முடித்தேன். ஓராண்டு முடிவு. அதாவது ஒரு வருடம் அலமாரியில் கிடந்து பிறகு அடுப்புக்குப் போக வேண்டியது. நான் செய்தது முழுக்க விதிப்படி சரி. இத்தனை வருடம் கழித்தும் இப்படி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

மீதி சார் கோபித்துக்கொள்ளவில்லை. தானே வகுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். டபேதார்தான் கேட்டார், "நூத்தி இருவத்து மூணு கோடி வரிக்கும் ஒவ்வொண்ணாப் போடப் போறியா சார்? உம் பேரனும் முடிக்க மாட்டான்."

"அவ்ளோ வேணாம்யா. ஒரு நம்பரைப் பெருக்கிக் கொண்டாரணும்னா ரெண்டு பேரு வேணும். ரெண்டு பேருமே பெரிய ஆளா இருந்தா பெருக்குத்தொகை தாண்டிப் பூடும். ஒருத்தனாச்சும் முப்பத்தஞ்சாயிரத்து நூத்தி முப்பத்தாறுக்குள்ள இருந்தாவணும். அதுவரிக்கும் போட்டாப் போதும். அதுலயும் பகா எண்ணால மட்டும் போட்டாப் போதும். மூவாயிரத்து எழுநூத்திச் சொச்சம். ஒரு நாளைக்குப் பத்து."

"அப்போ ஒண்ணரை வருசம்."

"எனக்கு ரிட்டயர்டு ஆவ மூணு வருசம் கீது. அதுக்குள்ள தெரிஞ்சிடணும்யா. தெரியாம நான் இந்த நாக்காலிய வுட்டு எழுந்திருக்க மாட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் பத்து வகுத்தல். டிபன் டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே தொடங்கிவிடுவார். வெள்ளைத்தாள் வீணாக்க அவருக்கு மனமில்லை. பழைய கால்நடைக் கணக்கெடுப்புப் பதிவேடு ஒன்று, எழுதாமல் பாதிக்கு மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். அதில் அச்சடித்த பத்திகள்: எருமை, பசு, ஆடு. எருமைப் பத்தியில் வகுக்கும் எண்ணை எழுதினார், பசுவில் ஈவு, ஆட்டில் மீதி. வெளி ஆள் யாராவது திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முப்பது வருட அனுபவமுள்ள தலைமை எழுத்தர் என்று பெயர்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. காலையில் நான் உள்ளே நுழையும்போதே டபேதார் எழுந்து நின்று அன்றைய நிலவரம் சொல்வார். "சார், எருமை இருவதாயிரத்தைத் தாண்டிடிச்சி." எந்த ஆட்டுப் பத்தியிலும் பூஜ்யம் விழவில்லை. எனக்கு அதில் அக்கறை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நாள் டபேதார் விடுப்பில் போனபோது, நிலவரம் தெரியாமல் எனக்குக் காலை முழுதும் வேலை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில் மறுபடியும் மரங்கள் விழுந்தன. எந்தச் சாலையில் போலீஸ் நிற்கவில்லையோ சரியாக அதில் விழுந்தன. தகவல் எங்கேயோ கசிகிறது என்று ஒரு இன்ஸ்பெக்டர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்களிடம் வந்தது சாப்பாட்டு நேரம். மீதி சார் எருமைப் பத்தியில் 29989-ஐ எழுதி, வகுத்து முடித்து, விரலை முறித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்நூறு சொச்சம்தான் பாக்கி.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திருப்பினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"எருமை பத்தாயிரத்து ஏழு. பசு ஒரு லட்சத்து இருவத்து மூவாயிரத்து முன்னூத்தி எழுவது. ஆடு நாலாயிரத்து முன்னூத்தி ஒண்ணு." நிமிர்ந்தார். "யோவ், இந்த ஜில்லாவுலயே அவ்ளோ பசு கெடையாதேய்யா. இன்னா ரகசியக் கோடு இது?"

"கோடு இல்லீங்க ஐயா. மீதி."

"எதுல மீதி?"

மீதி சார் எண்ணைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றது நிலைமையை மோசமாக்கியது.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒம்போது ஒண்ணு" என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "ஒம்போதாவது மைலு, ஒண்ணாவது மரம். அதானே?"

"இல்லீங்க ஐயா. இது எதாலயும் வகுபடலைன்னா…"

"வகுபடலைன்னா இன்னா பண்ணுவீங்க?"

மீதி சார் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கடைசியில், "சந்தோசப்படுவேங்க ஐயா" என்றார்.

போலீஸ் வேலையில் இப்படியொரு வாக்குமூலத்தை அந்த மனிதர் கேட்டிருக்க மாட்டார். நான் குறுக்கே புகுந்து, இவர் அப்பாவி, வெறும் கணக்குப் பைத்தியம் என்று எடுத்துச் சொன்னேன். "அதை நீங்க சொன்னாப் போதாது. நிபுணர் சொல்லணும்" என்றார் இன்ஸ்பெக்டர். பதிவேட்டைக் கையகப்படுத்தினார். இந்த எண் ரகசியக் குறியா, வகுபடக்கூடியதா, வகுபடாததா என்று பல்கலைக்கழகக் கணிதத் துறையிடம் எங்கள் அலுவலகமே எழுதிக் கேட்டு அறிக்கை பெற வேண்டும், அது வரும்வரை பதிவேடு தரப்பட மாட்டாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று முறை நான் திருப்பி அனுப்பிய அதே கேள்வி, என் கையாலேயே வரைவு எழுதப்பட்டு, மிக அவசரம் என்று சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டு, அன்று மாலைத் தபாலிலேயே கிளம்பியது. பொருள் தலைப்பு எது என்று யாரும் கேட்கவில்லை. மீதி சார் அதைத் தன் கையால் பதிவேட்டில் ஏற்றி, தபால் தலையை ஈரப்படுத்தி ஒட்டியதை நான் பார்த்தேன். திருநீறு பூசுகிற மாதிரி ஒட்டினார்.

"எங்கே விட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? மிச்சத்தைப் போட்டுவிடுங்களேன்" என்றேன். வாழ்க்கையில் நான் அவரிடம் காட்டிய முதல் கருணை அது.

"செல்லாது சார். மரம் வெட்டுன அன்னிக்கு சத்தத்துல அவசரமாப் போட்டேன், அதுல ஒண்ணு சந்தேகம். எது இன்னான்னு பதிவேட்டைப் பாத்தாதான் தெரியும். ஆதாரம் இல்லாத குறிப்பு செல்லாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்தீங்க?"

நான்தான் சொல்லித் தந்தேன்.

விசாரணை என்று ஒன்று நடக்கும்போது ஆளைப் பழைய நாற்காலியில் விடக் கூடாது என்பது வழக்கம். கல்வராயன் மலையில் கரியாலூரில் சான்றிதழ் முகாம் போட்டிருந்தார்கள், அங்கே அனுப்பினார்கள். அலுவலகமே தண்டனை என்றது. மீதி சார் புதிதாக ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் எண்ணைக்கூடப் பார்க்காமல் ஏறினார். அப்போதுதான் அவருக்கு வலித்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மூன்று மாதம் கழித்து முகாமை ஆய்வு செய்ய நான் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பஸ் ஒவ்வொரு வளைவிலும் யோசித்து யோசித்துத் திரும்பியது. பள்ளிக்கூடக் கட்டடத்தின் முன்னால் மேசை. மனுக்கள் எண் வாரியாக, வரிசையாக, கல் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. கண்டுபிடிக்க ஒரு குறைகூட இல்லை. ஆய்வு அதிகாரிக்கு இதைவிட எரிச்சல் ஏது? மேசைக்குப் பக்கத்தில் மீதி சார் தரையில் குந்தியிருந்தார். எதிரே, மகளின் சான்றிதழுக்காக வந்திருந்த கடுக்காய் பொறுக்கும் அம்மா ஒருத்தி, காத்திருக்கிற நேரத்தில் ஒரு பலாப்பழத்தை அறுத்துச் சுளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த ஏழு வீட்டுக்காரர்களுக்குப் பங்கு.

"நூத்தி நாப்பத்தாறு" என்றார் அந்த அம்மா.

"வூட்டுக்கு இருவது. மீதி ஆறு" என்றார் மீதி சார், கண்ணை மூடிக்கொண்டு. "அந்த ஆறு யாருக்கும்மா?"

"யாரு பிரிக்கிறாங்களோ அவுங்களுக்கு. எங்க ஊருல அதான் வழக்கம்." ஆறில் ஒன்று அதற்குள் வாய்க்குள் போயிருந்தது. "சரியாப் பிரிஞ்சிடிச்சின்னா பிரிக்கிறவளுக்குக் கை நெறையப் பிசுக்குதான் மிச்சம். கொட்டகூடக் கெடைக்காது."

மீதி சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "அம்மா, எங்கிட்ட ஒரு நம்பரு கீது. நூத்தி இருவத்து மூணு கோடியே நாப்பத்தஞ்சு லட்சத்து அறுவத்தேழாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"அத்தினி சொளையா? எத்தினி மரம் சாரு அது?"

"அது இருக்கட்டும். எத்தினி வூட்டுக்குப் பிரிச்சாலும் அதுல மீதி வரும்னு நான் நெனைக்கிறேன். ஒரே ஒரு வூடா இருந்தா வராது. அத்தினி கோடி வூடு இருந்தாலும் வராது. அந்த ரெண்டும்தான் கணக்குல சேராது."

அந்த அம்மா அடுத்த சுளையை மென்றுகொண்டே சொன்னார்: "ஒரே வூடா இருந்தா நான் எதுக்குப் பிரிக்கணும்? அத்தினி கோடி வூடு இந்த மலையில ஏது? அப்போ எப்பப் பிரிச்சாலும் எனக்கு மிச்சம் உண்டு." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நல்ல நம்பரு சாரு. வுட்டுடாத."

மீதி சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டீங்களா சார்? மூணு தபா நீங்க திருப்புனீங்க. இவுங்க ஒரே தபாவுல பாஸ் பண்ணிட்டாங்க."

ஆய்வறிக்கையில் 'முகாம் திருப்திகரம்' என்று எழுதினேன். எனக்குப் பங்காக வந்த இரண்டு சுளையைப் பற்றி எழுதவில்லை.

மலையில் மாலை நேரம் நீளம். இரண்டிலிருந்து மறுபடி தொடங்கியவர், ஒன்றரை வருடத்தில் ஓடி முடித்துவிட்டார். முடித்துவிட்டார் என்றா சொன்னேன்? இல்லை. பணி நிறைவு நாளன்று மாலையும் மிக்சரும் முடிந்த பிறகு, நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடைசிப் பக்கத்தில் எருமைப் பத்தி 35117-ல் நின்றிருந்தது. புது நோட்டிலும் அவரே கோடு போட்டு எருமை, பசு, ஆடு என்று எழுதியிருந்தார், பழக்கம். அதற்குக் கீழே 35129 என்று எழுதி, பசுவும் ஆடும் காலியாக இருந்தன.

"இது ஒன்றுதானே பாக்கி? போட வேண்டியதுதானே?"

அவர் சிறிது நேரம் மாலையின் இதழைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "பயமா கீது சார்."

"என்ன பயம்?"

"இத்தினி பேரும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. இந்தக் கடைசி ஆளு ஆமான்னு சொல்லிட்டா? பதிலு வரட்டும் சார். வந்தப்புறம் போட்டுப் பாத்துக்கறேன்."

தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர், எழுந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று எல்லாரும் போன பிறகு நான் ஒரு காகிதம் எடுத்து, அந்த ஒரு வகுத்தலைப் போட்டேன். மூன்று முறை போட்டேன். விடையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் நிபுணரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார். நான் நிபுணர் இல்லை, தலைமை எழுத்தர்.

ஆனால் நினைவூட்டு அனுப்புவது தலைமை எழுத்தரின் வேலை. ஓ.மு. என்று முடித்தும், கெடு தாண்டியும் அடுப்புக்குப் போகாமல் தப்பிக் கிடந்த அந்தக் கோப்பை அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். என் எழுத்தை நானே அடித்து, நி.மு. என்று எழுதினேன். நிரந்தர முடிவு. எந்தக் காலத்திலும் அடுப்புக்குப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டு. போராட்டம் ஓய்ந்தது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். பதிவேடு எந்தப் பரணில் கிடக்கிறதோ, அந்த எருமைகளும் பசுக்களும் ஆடுகளும் இன்னும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். கேட்டவரே மறந்துபோன கேள்விக்கு நான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நினைவூட்டுக்குப் பிறகு, ஒரு டஜன் ஆயிற்று, நிறுத்திக்கொள்ளலாம் என்று டபேதார் சொன்னார். பன்னிரண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பதின்மூன்றாவதையும் அனுப்பினேன்.

பதில் வந்தது. ஒன்றரை வரி. மேற்படி எண் பகா எண், அதில் ரகசியம் ஏதுமில்லை.

அதை எடுத்துக்கொண்டு நானே மீதி சார் வீட்டுக்குப் போனேன். தபால்களை ஆள் மூலம்தான் அனுப்ப வேண்டும். அந்த விதியையும் சேர்த்தால் இரண்டு ஆகிறது, போகட்டும். அவர் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்து முடித்து நோட்டைக் கொண்டுவந்தார். பென்சிலைக் கூர்மையாக்கினார். பசுவில் 35143 என்று எழுதினார். ஆட்டில் 29444 என்று எழுதினார். என் சட்டைப்பையில் இருந்த காகிதத்திலும் அதுவேதான், நான் அதை வெளியே எடுக்கவில்லை.

"மீதி" என்றார் அவர். அப்புறம் கடிதத்தை மறுபடி எடுத்து, நெற்றியில் இருந்த முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் எதிர்பார்த்ததுதான்.

"பத்தொம்பது! பத்தொம்பதாம் தேதியா சார் வந்திச்சி?"

"ஆமாம்" என்றேன்.

"எதாலயும் போவாது சார்" என்றார், குழந்தை மாதிரி.

அவர் இப்போது இல்லை, நானும் ஓய்வு பெற்றாயிற்று, இனி என்னை யாரும் விசாரிக்கப் போவதில்லை. ஒரு பகல், ஒரு இரவு முழுக்க முத்திரை இல்லாமல் அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது. அது வந்து சேர்ந்த தேதி ஜூலை பதினெட்டு.